நிலவறையில் பிடித்த கை

மூன்று தடவை ஷாம்பு போட்டும் மகளின் தலையில் இருந்து அந்த மணம் போகவில்லை. நனைந்த கல்லும் புளித்த பழமும் கலந்த மணம். ஒன்பது வயது மயூராவின் தலையைத் துவாயால் துவட்டிக்கொண்டே மரியரஞ்சனி மறுபடியும் மோந்து பார்த்தாள். பிரான்ஸில், லுவார் ஆற்றுப் பக்கத்துக் கோட்டையின் நிலவறையில் அடித்த அதே மணம். அவர்கள் ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்து நாலு கிழமை ஆகிறது.

இலையுதிர்கால விடுமுறைக்குத்தான் போனார்கள். பாரிஸில் இருக்கும் அவளுடைய தம்பி பிலேந்திரன் தன் காரிலேயே அவர்களை ஏற்றிக்கொண்டு கோட்டைகள் காட்டப் புறப்பட்டான். திராட்சை பறிக்கும் காலம் அது. ரோட்டின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தோட்டங்கள், நடுநடுவே வெள்ளைச் சுவரும் கறுத்த கூம்புக் கூரையுமாகக் கோட்டைகள். பெரிய கோட்டைகளில் பேருந்துக் கணக்கில் சனம். மூன்றாம் நாள் அவர்கள் நுழைந்தது, வழிகாட்டிப் பலகைகூடச் சரிந்து கிடந்த ஒரு சின்னக் கோட்டையில். வாசலில் இருந்த கிழவி நுழைவுச்சீட்டைக் கிழித்துத் தந்துவிட்டு நிலவறைப் படியைக் கைகாட்டினாள். கூட வரவில்லை.

கீழே வரிசை வரிசையாக ஆளுயர வைன் பீப்பாய்கள். சுவரில் ஒரு பொத்தான்; அமத்தினால் விளக்குகள் சில நிமிடங்கள் எரிந்து தாமாக அணைந்துவிடும். அவளுடைய கணவன் பேனாட்டும் பிலேந்திரனும் வைன் ருசி பார்க்க மேலே போய்விட்டார்கள். மயூரா பீப்பாய்களுக்கு இடையில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் விளக்கு அணைந்தது.

"அம்மா!"

குரல் அவளுக்கு வலது பக்கத்தில், நிலவறையின் அடி ஆழத்தில் இருந்து வந்தது. அதே கணத்தில் இடது பக்கத்தில் இருந்து ஒரு சின்னக் கை அவளுடைய கைக்குள் நுழைந்தது. பயத்தில் மரியரஞ்சனி எதையும் யோசிக்கவில்லை. கிடைத்த கையை இறுகப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறி ஓடினாள். வெளிச்சத்தில் பார்த்தபோது, சிவப்பு ஜாக்கெட் போட்டபடி மயூராதான் நின்றாள். சிரித்தாள்.

குரல் ஒரு பக்கம். கை மறுபக்கம். அவள் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. திரும்பி இறங்கிப் பார்க்கவும் இல்லை.

ஒஸ்லோ வந்த பிறகு மயூரா வீட்டில் விளக்குப் போடுவதை விட்டுவிட்டாள். இருட்டிலேயே குளித்தாள், இருட்டிலேயே வீட்டுப்பாடம் எழுதினாள். இரண்டு சொல்லுக்கு ஒரு சொல் நோர்வேஜிய மொழியைக் கலந்து பேசிய பிள்ளை, இப்போது ஒரு சொல்லும் கலக்காமல் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகத் தமிழ் பேசினாள். வகுப்பில் வாயே திறப்பதில்லை, நாள் முழுக்கக் கதவைப் பார்த்தபடி இருக்கிறாள் என்று ஆசிரியை தொலைபேசியில் சொன்னாள்.

"வளர்ற பிள்ளை, ரஞ்சி. நீர் சும்மா மனதைக் குழப்பாதையும்," என்றான் பேனாட். அவன் பேருந்து ஓட்டுநர். அன்றைக்கும் மாலை வேலைக்குப் போய்விட்டான்.

கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு விட்ட கிழமை அது. ஐந்து மணிக்கே அவர்கள் இருக்கும் ரொம்சோஸ் குடியிருப்புகளுக்கு மேல் இருட்டு இறங்கி, எதிர்க் கட்டடத்து யன்னல்கள் ஒவ்வொன்றாய் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. ஏழாம் மாடிக் குசினியில் மரியரஞ்சனி வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். மயூராவின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு.

"லைற்றைப் போடன், பிள்ளை."

"வேண்டாம், அம்மா. கண் கூசுது."

வாசல் தொலைபேசி கத்தியது. கீழே கட்டடத்து வாசலில் யாரோ மணியை அமத்துகிறார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். முதலில் காற்று இரைந்தது. பிறகு யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"மம்மா. யாய் ஃப்ரூசர்."

அம்மா, எனக்குக் குளிருது. நோர்வேஜிய மொழியில். மயூராவின் குரலில்.

மரியரஞ்சனி தொலைபேசியை வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். பாதி திறந்த கதவுக்குப் பின்னால், கட்டிலின் ஓரத்தில், அந்தப் பிள்ளை அசையாமல் இருந்தது.

"ஆர், அம்மா?" என்று கேட்டது.

"பக்கத்து வீட்டு ஆக்கள். இப்ப வாறன்."

சிவப்பு ஜாக்கெட் கொளுக்கியில் தொங்குவதைப் பார்த்தாள். செருப்பைக் கொழுவிக்கொண்டு வெளியே வந்து கதவை வெளிப்பக்கமாகப் பூட்டினாள். பெற்ற மகளின் குரல் அது. நாலு கிழமைக்கு முதல் அந்தக் குரலை விட்டுவிட்டு ஓடிவந்தவள் அவள்தான்.

கீழ் வாசலில் ஒருவரும் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இலைகள் சுழன்றன. நிலக்கீழ்த் தளத்துக்கு இறங்கும் படியில் இருந்துதான் விம்மல் வந்தது. எல்லா வீட்டுக்காரரும் சைக்கிளும் பனிச்சறுக்குத் தடியும் போட்டு வைக்கும் இடம். அவள் ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி.

கடைசிப் படியில் ஒரு பிள்ளை சுருண்டு இருந்தது. சிவப்பு ஜாக்கெட். முழங்காலில் கிழிந்த காற்சட்டை. சேறு.

"மம்மா, ஏன் விட்டிட்டுப் போனீங்கள்? நான் கூப்பிட்டனான். கூப்பிட்டுக் கூப்பிட்டு..."

மரியரஞ்சனி பாய்ந்து அள்ளினாள். சூடான உடம்பு. சளி ஒழுகும் மூக்கு. தலையில் ஷாம்பு வாசம். ஆயினும் மனம் ஆறவில்லை. முகத்தை விலக்கிப் பிடித்தாள்.

"அப்பா உன்னை எப்பிடிக் கூப்பிடுறவர்?"

"மூஸ் எண்டு. நோர்வேஜிய மொழியில எலி." பிள்ளை அழுகையோடு சிரித்தது.

அவள் நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். வாய்விட்டு, கர்த்தரின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, லிஃப்ற்றுக்குள் ஏறினாள். மேலே பூட்டி வைத்திருப்பதை என்ன செய்வது? பேனாட்டுக்குத் தொலைபேசி அடிக்கவேண்டும். பொலிசுக்கு என்ன சொல்வது? யோசிக்க முடியவில்லை. மகள் கிடைத்துவிட்டாள். அது போதும்.

ஏழாம் மாடி. லிஃப்ற் கதவு விலக, அவள் வெளியே வந்தாள்.

மாடி நடைவழி விளக்கு அணைந்திருந்தது. லிஃப்ற்றின் வெளிச்சம் நீளமாய் விழுந்தது. வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. பூட்டிய கதவு.

வாசலில் மயூரா நின்றாள். ஈரத் தலையோடு.

மரியரஞ்சனி இடுப்பில் இருந்த பிள்ளையை இறுக்கினாள். ஒரு அடி பின்னால் வைத்தாள். பிள்ளை பயப்படவில்லை. அழுகை நின்றுவிட்டது. சறுக்கி இறங்கியது. நடந்து போய் மற்றவளின் பக்கத்தில் நின்றது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன.

"சொன்னனான் எல்லோ?" என்றாள் ஈரத் தலைக்காரி, மற்றவளிடம் ஆறுதலாக. "கூப்பிட்டால் வருவா."

இரண்டு சின்னக் கைகள். ஒன்று அவளுடைய இடது கையில். ஒன்று வலது கையில். உதற முடியவில்லை.

முதுகுக்குப் பின்னால் லிஃப்ற் மூடிக்கொண்டது. ஒருவரும் ஏறவில்லை. ஆனாலும் அது இறங்கியது. கதவுக்கு மேலே சிவப்பு எண்கள் குறைந்தன. ஆறு. ஐந்து. நாலு. மூன்று. இரண்டு. ஒன்று. நிலக்கீழ்த் தளம்.

அங்கே வெகுநேரம் நின்றது. பலர் ஏறுவதற்கு எடுக்கும் நேரம்.

பிறகு மேலே வரத் தொடங்கியது.