தார்ப்பாய்க்குக் கீழே

தையல் அறுந்திருக்கவில்லை. பிரிக்கப்பட்டிருந்தது.

கோமளா கயிற்றின் நுனியை விரலில் உருட்டிப் பார்த்தாள். பாய்மரக் கம்பத்துக்குள் ஓடும் பழைய கயிற்றின் வாலில் புதுக் கயிற்றைத் தைத்து இழுத்தால், பழையது வெளியே வரும், புதியது அதன் இடத்துக்குப் போய்விடும். காலையிலிருந்து நான்கு கயிறுகளை அப்படித்தான் மாற்றியிருந்தார்கள். ஐந்தாவது மட்டும் புதுக் கயிற்றை உள்ளேயே விட்டுவிட்டு மொட்டையாக வந்து விழுந்தது. ஆவடியில் இருபத்திரண்டு வருஷம் பாராசூட் தைத்தவள் கோமளா. அவள் போட்ட பன்னிரண்டு தையலும், ஊசித்துளைகூடக் கிழியாமல், ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டிருந்தன.

"இன்னாமே, நூலு சரியில்லியா?" என்றான் அவள் புருஷன் அமல்ராஜ்.

"நூலு நல்லாத்தான் கீது."

"அப்போ மேல போய் புதுக் கயித்த உள்ள வுட்டுட்டு வந்துரு. நான் ஏறுனா கம்பமே சாஞ்சிரும்."

செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம், குடோன்களுக்கு நடுவே ஒரு மனையில், இரும்புத் தாங்கிகளின் மேல் ஆறு வருஷமாக நின்றிருந்தது அந்தப் படகு. மறுநாள் காலையில் அதைப் புதுச்சேரிக்கு ஏற்றிப்போக ஆள் வருகிறது. பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

கம்ப உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கிய கித்தான் இருக்கையில் உட்கார்ந்து இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டாள். படகின் மேல்தட்டில், வெயிலுக்காகக் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய்க்குக் கீழே, அமல்ராஜ் கயிறு சுற்றும் உருளையைத் திருகினான். கடக், கடக் என்று ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு முழம் உயர்ந்தாள். ஏரிச் சேற்றின் வாடையும், ரோட்டோரப் பரோட்டாக் கல்லின் எண்ணெய்ப் புகையும், எங்கோ வெல்டிங் வைக்கிற நெடியும் ஒன்றாகக் கலந்து வந்தன. உச்சியில் காற்று சில்லென்றிருந்தது. நாற்பதடிக்குக் கீழே அந்த நீலக் கூரை மட்டுமே தெரிந்தது. புதுக் கயிற்றை உள்ளே விட்டாள்.

"ஆச்சுங்க! இறக்குங்க!"

"இரு, இறக்கறேன்."

இருக்கை ஒரு சாண் இறங்கியது. இன்னொரு சாண். கோமளா முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பினாள்.

கேட்டருகே அமல்ராஜ் நின்றிருந்தான்.

முதுகு இந்தப் பக்கம். ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் போன். அதே கட்டம் போட்ட சட்டை, அதே வழுக்கை. யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

இருக்கை ஒரு சாண் இறங்கியது.

காலையிலிருந்து இந்த மனையில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"கீழ யாரு?"

"நாந்தாமே." அதே தொண்டை. பேச்சு முடிந்ததும் வரும் அந்தச் சின்ன இருமல்கூட.

"ஏங்க! இங்க பாருங்க!" என்று கேட்டைப் பார்த்துக் கத்தினாள். ரோட்டில் போன லாரியின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது.

கம்பத்தைக் காலால் கவ்விக்கொண்டாள். வழவழப்பான அலுமினியம். தலைக்கு மேலிருந்த முடிச்சு அவள் கனத்தில் கல்லாக இறுகியிருந்தது. இடுப்பில் கத்தரி இருந்தது. ஒரு வெட்டு. அறுத்தால் முப்பதடிக்கு மேல் விழ வேண்டும். பிடி வழுக்கியது.

இன்னொரு சாண்.

அமல்ராஜ் திரும்பினான். அவளைப் பார்த்தான். தரையிலிருந்து அவனுக்குத் தார்ப்பாய்க்கு அடியில் இருப்பது தெரியும். கிளாஸ் விழுந்தது. ஓடி வந்தான். பத்து எட்டு வைத்தான். நின்றான்.

பின்னால் நகர்ந்தான். கேட்டின் தகரம் முதுகில் இடிக்கும்வரை நகர்ந்தான். அவளைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். இறங்குவதும் இறங்காததும் அவள் கையில் இருப்பதுபோல.

"பயப்படாதமே," என்றது கீழிருந்து. "புடிச்சிக்கினுதான் கீறேன்."

சாண் சாணாக இறங்கி நீலக் கூரை காலடிக்கே வந்துவிட்டது. கம்பத்தைச் சுற்றியிருந்த தார்ப்பாயின் பிளவு உள்ளிருந்து விலகியது. அவள் பாதங்கள் இருட்டுக்குள் இறங்கின.

ஆளை இறக்க இரண்டு கையும் கயிற்றில் இருக்க வேண்டும். கயிறு ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு உள்ளங்கை அவள் இடது குதிகாலைத் தாங்கிப் பிடித்தது. வெதுவெதுப்பாக இருந்தது. இன்னொன்று வலதை.

கயிறு நிற்கவில்லை.