சலவைக்கடை டியூபா

டியூபாவைத் தூக்கி வருகிறவரைப் பார்த்தால் டியூபாவுக்குக் கால் முளைத்து நடந்து வருவதுபோல் இருக்கும். அவ்வளவு பெரிய ஊதுகருவி அது. பள்ளி பேண்டில் அதை ஊதியவளோ ஐந்தாம் வகுப்பிலேயே குட்டையானவள். மாமா அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்திருந்தார். பேண்டு வாத்தியார் மட்டும், மூர்த்தி சிறிதானாலும் மூச்சு பெரிது என்பார்.

பள்ளியின் டியூபா ஓட்டை விழுந்து ஓய்ந்துபோனது. திங்கட்கிழமைக்குள் சொந்தமாக ஒன்று கொண்டுவந்தால் அவளே ஊதலாம், இல்லாவிட்டால் இந்த வருடம் முழுக்க முக்கோண மணிதான் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். முக்கோண மணிக்காரர் ஒரு பாட்டுக்கு மூன்று முறை ‘டிங்’ தட்டிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். சுண்டெலிக்குச் சோறு இறங்கவில்லை.

இசைக்கருவிக் கடையில் புது டியூபாவின் விலைச்சீட்டைப் படித்த மாமா இரண்டடி பின்னால் நகர்ந்தார். அந்த விலைக்கு அவருடைய ஸ்கூட்டர் மாதிரி மூன்று வாங்கலாமாம்.

கற்றுக்கொள்பவருக்குப் பழையதே போதும் என்றார் வாத்தியார். நாலு வால்வு வேண்டாம், மூன்று போதும். சின்ன அளவாகப் பார், மடியில் அடங்கும். வெளியே நசுங்கியிருந்தால் பாதகமில்லை, ஆனால் வால்வைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதே. வால்வு என்பது விரலால் அழுத்துகிற பிஸ்டன். காற்றை எந்தக் குழாய் வழியாக அனுப்புவது என்று முடிவு செய்வது அதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படி ஒன்று விற்பனைக்கு இருப்பதாகத் தெரிந்து, மாமாவும் அவளும் ஒரு சலவைக்கடைக்குப் போனார்கள். பிடித்திருந்தாலும் முகத்தில் காட்டாதே, குறை சொன்னால்தான் விலை இறங்கும் என்று வழியெல்லாம் மாமா பாடம் நடத்தினார்.

கடையில் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. பின்னால் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. சலவைக்கடைக்காரர் துணி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து டியூபாவைத் தூக்கி வந்தார். சின்ன அளவு, மூன்று வால்வு. சுண்டெலியின் மடியில் சொன்னபடி அடங்கியது.

ஊதினாள். காற்று எங்கேயோ முட்டி நின்றது. சத்தமே வரவில்லை.

“போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு பாப்பா,” என்றார் அவர். “பளபளன்னு இருக்கட்டும்னு எல்லாத்தையும் கழற்றிக் கழுவினேன். அதோட போச்சு. ஊர்த் துணியெல்லாம் துவைக்கிறேன், ஆசையா வாங்கினதை என் கையாலயே கெடுத்துட்டேன்.”

சுண்டெலி முதல் வால்வின் மூடியைத் திருகி, வால்வை வெளியே இழுத்துப் பார்த்தாள். அதில் 3 என்று பொறித்திருந்தது. மூன்றாவதில் 1 இருந்தது.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒன்றும் கெடவில்லை. கழுவிய பிறகு வால்வுகளை இடம் மாற்றிப் போட்டுவிட்டார், அவ்வளவுதான். பேண்டில் புதிதாகச் சேர்ந்த எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு.

சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவர் விற்கமாட்டாரே என்று தோன்றியது. மூடியைத் திருகினாள்.

“என்னம்மா, தேறுமா?” என்று மாமா கேட்டார்.

“தெரியல மாமா. ரிப்பேர் பண்ணணும்.”

மாமா பாதி விலை சொன்னார். சலவைக்கடைக்காரர் பேரம்கூடப் பேசாமல் தலையாட்டினார். எடுத்துக் கொடுக்கும்போது டியூபாவை ஒரு துண்டால் துடைத்தும் கொடுத்தார்.

வீட்டில் வால்வுகளை இடம் மாற்றிப் போட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஊதியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அம்மா கைதட்டினாள். சுண்டெலிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. என் கையாலயே கெடுத்துட்டேன் என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊதினாள், அது போகவில்லை. திங்கட்கிழமை வாத்தியார் அடிமாட்டு விலைக்கு நல்ல பொருள் என்று எல்லார் முன்னாலும் மெச்சினார். அவளுக்கு அழுகை வந்தது.

அன்று மாலை மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாமா திட்டவில்லை. பேரம் பேசியது தான்தானே என்று முணுமுணுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

சலவைக்கடைக்காரர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சுண்டெலி டியூபாவை மேசைமேல் வைத்து, வால்வுகளைக் கழற்றி எண்களைக் காட்டினாள்.

“இது கெடவே இல்ல அங்கிள். மாத்திப் போட்டிருந்தீங்க.”

அவர் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அன்னைக்கே தெரியுமா உனக்கு?”

வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

“தெரியும்,” என்றாள்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பூங்காவில் எங்க பேண்டு நேத்துதான் வாசிச்சுது என்றார். கடைக்காரர்களும் ஓட்டுநர்களும் வேலை முடிந்து சேர்ந்து வாசிக்கிற பேண்டாம். ஒரு வருடம் கற்றுக்கொண்ட பிறகு அவருக்கு அதுதான் முதல் கச்சேரி. கழுவிக் கெடுத்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, முதுகுவலி என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

சுண்டெலி டியூபாவை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். டியூபாவைத் திருப்பிக் கொடுக்கலாம். நேற்றை எப்படிக் கொடுப்பது?

“மன்னிச்சிடுங்க அங்கிள்.”

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். மாமா கொடுத்த பணத்தை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்சம் கழித்து, எங்க பேண்டுல யாராவது பழசு வித்தா சொல்றேன் என்று மட்டும் சொன்னார். அதற்குள் இந்த வருடமே முடிந்துவிடலாம் என்பது சுண்டெலிக்குத் தெரியும். வால்வு ஒவ்வொன்றும் எங்கே போக வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். அவரே போட்டார், அவரே திருகினார்.

கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“நேத்து வாசிக்க இருந்ததை இப்ப வாசிப்பீங்களா?”

அவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஊதினார். நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினார். ஒரு இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கினார். சுண்டெலி துணி மூட்டைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் கைதட்டினாள். பூங்கா நிறையக் கேட்டிருக்க வேண்டிய கைதட்டல் எங்கே, இது எங்கே. அவர் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்த பிறகும், உள்ளங்கை சிவந்த பிறகும் அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.