மல்லாக்கப் படுக்க வைத்த குழந்தை

நான் தொடவில்லை. இந்த நிலைப்படியைக்கூடத் தாண்டவில்லை. பிறகு யார் இவளைப் புரட்டியது?

ரஷீதா ஈரத்துணி வாளியோடு உள்ளறை வாசலில் நின்றாள். பாயில் நாத்தனார் பெனாசிரின் மகள் அஃப்ரின் குப்புறக் கிடந்தாள். பிறந்து ஐம்பது நாள். தானாகக் கவிழும் வயதில்லை.

கொல்லையிலிருந்து ஓடிவந்த பெனாசிர் குழந்தையை வாரி எடுத்து, மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள்.

"புள்ளைய ஏன் மச்சி தொட்டீங்க?"

"நான் உள்ளேயே வரல பெனாசிரு."

"அப்ப தானா கவுந்துச்சாக்கும். நாளைக்கு எந்திரிச்சு கடைக்கும் போவும், பாருங்க."

மறுபடி மல்லாக்கப் போட்டுவிட்டுத் துணி அலசப் போனாள்.

லப்பைக்குடிக்காட்டில் யாரும் ரஷீதா கையில் குழந்தையைத் தருவதில்லை. 2001 கோடையில், ஒரு பகல் தூக்கத்திலிருந்து அவள் விழித்தபோது, மூன்று மாத மகன் அனஸ் பக்கத்தில் சில்லிட்டுக் கிடந்தான். பால் கொடுத்தபடியே தூங்கி அமுக்கிவிட்டாள் என்று முதலில் சொன்னது பெனாசிர்தான். சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் கணவன் ஜாவித் போனில் கேட்டது ஒன்றுதான்: "எப்புடிடீ தூங்குன?" மூன்று வருடமாக ரஷீதாவும் தன் உடம்பைத்தான் வெறுத்தாள். ஆனால் அன்று அனஸின் முடியில் சாம்பிராணி மணத்தது. உதட்டில் ஆரஞ்சு நிற இழை ஒன்று ஒட்டியிருந்தது. ஜாவித் அனுப்பிய புலிப்படம் போட்ட பாரின் போர்வையின் இழை. அந்தப் போர்வை அன்றைக்கே வீட்டைவிட்டுக் காணாமல் போனது.

இப்போது பெனாசிர் தன் பிள்ளையை வளர்க்கும் விதத்தைப் பார்த்தபோதுதான் அனஸ் எப்படிப் போனான் என்று ரஷீதாவுக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பெரம்பலூரு டாக்டரு சொன்னாங்க. மல்லாக்கத்தான் போடணுமாம். அடியில மெத்து மெத்துன்னு எதுவும் ஆவாதாம். பொகை ஆவாதாம். வேர்க்க வேர்க்க போத்தக் கூடாதாம். சில புள்ளைங்க காரணமே தெரியாமப் போயிடுமாம், ஆனா இதெல்லாம் சேந்தா ஆபத்து கூடுமாம்." ஒவ்வொன்றாகச் சொல்லும்போதும் அவள் ரஷீதாவின் பக்கமே திரும்பவில்லை.

அன்று முதல் ஐந்து வேளைத் தொழுகைக்குப் பிறகும் அல்லாவிடம் கையேந்திக் கேட்க ரஷீதாவுக்கு ஒரே துஆதான். என் வலி அவளுக்கும் தெரியட்டும். குழந்தையைக் குறித்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் கேட்டது யார் காதில் விழுந்தது?

குழந்தை கவிழ்ந்து கிடந்த அன்றைக்கே, மதிய லுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் கடைக்குப் போன பிறகு கரண்ட் நின்றது. மின்விசிறியின் கடைசிச் சுற்று முனகி அடங்க, வெள்ளாற்று மணலிலிருந்து எழுந்து வந்த அனல் சுவர்களில் படிந்து, வேர்வையும் பால்வாடையுமாக அறை புழுங்க, அந்தப் புழுக்கத்துக்குள்ளிருந்து மெல்ல, யாரோ ஊதிவிட்டதுபோல, சாம்பிராணி மணம் வந்தது. ரஷீதா அடுப்படிக்குப் போய்ப் பார்த்தாள். அடுப்பு ஆறிக் கிடந்தது. திரும்பி வந்தபோது பெனாசிர் உள்ளறையில் நின்றுகொண்டிருந்தாள்.

"சன்னல ஏன் மச்சி சாத்துனீங்க?"

ரஷீதா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். நானா? எனக்கே தெரியாமல் நானா? உள்ளங்கை காய்ந்திருந்தது. ரவிக்கைதான் நனைந்திருந்தது. வேர்வை இல்லை. மூன்று வருடம் முன்பு வற்றிய பால்.

பெனாசிர் சன்னலைத் திறந்தாள். திரும்பினாள். அஃப்ரின் குப்புறக் கிடந்தாள்.

அடியில் பாய் இல்லை. புலி.

ஆரஞ்சு மயிர். ஈர மணல் ஒட்டிய மயிர். அதில் புதைந்த சின்ன முகம்.

பெனாசிர் பாய்ந்து குழந்தையைத் தூக்கினாள். வரவில்லை. போர்வையும் சேர்ந்து எழும்பித் தொய்ந்தது.

"கனக்குது மச்சி." மறுபடி இழுத்தாள். "ரெண்டு புள்ள கனம் கனக்குது."

ரஷீதா நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

"நாந்தான் மச்சி. அன்னிக்கு நீங்க தூங்கையில நாந்தான் அனஸத் தூக்கிட்டு வந்து இதுல குப்புறப் போட்டேன். அழாம ஒறங்கட்டும்னுதான். பொகையப் போட்டு, சன்னலச் சாத்தி... மூச்சு நின்னு மவுத்தா போனது தெரிஞ்சதும் பயந்துட்டேன். உங்க பக்கத்துலயே கொண்டாந்து வச்சிட்டேன். போர்வைய ஆத்துல போட்டேன். அல்லாவுக்காவ மச்சி, எம்புள்ளைய விடச் சொல்லுங்க. நீங்க கூப்புட்டா வந்துடுவான்."

ரஷீதா நிலைப்படியைத் தாண்டினாள். போர்வையருகே உட்கார்ந்தாள். அஃப்ரினை ஒட்டி, மயிர் அமுங்கி, இன்னொரு சின்ன உடம்பின் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. ஒன்றுமில்லாத அந்தக் குழி ஏறி இறங்கியது. சீராக. சூடாக. அஃப்ரினின் முதுகு ஏறவில்லை.

பெனாசிர் அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை மச்சி. ஒரே ஒரு வார்த்தை."

ரஷீதா அந்தக் குழியின் மேல் கை வைத்து மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

"இப்பத்தான் கண்ணசந்தான்," என்றாள். "எழுப்ப மாட்டேன்."