வடக்குப் பள்ளம் காலி

பேருந்து என்னைக் கோல்டர் மலையின் அடிவாரத்தில் இறக்கிவிட்டுப் போனபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். மழையும் பனியும் கலந்து பெய்துகொண்டிருந்தது. தோளில் சறுக்குக் கட்டைகள், முதுகில் பை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் என் சான்றிதழ்கள். கடைசிவரை அவற்றை யாரும் கேட்கவில்லை.

செப்டம்பரிலிருந்து நாற்பத்தோரு பனிச்சறுக்கு மலைகளுக்கு எழுதியிருந்தேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மற்றவர்கள், அர்ஜென்டினாவில் வாங்கிய முதலுதவிச் சான்றிதழ் கனடாவில் செல்லாது என்றார்கள். அதை இங்கே வந்து மறுபடி படித்து வாங்கினேன். அதற்குள் ஆள் எடுத்து முடித்துவிட்டோம் என்றார்கள். ஊரில் நான் ஒன்பது குளிர்காலம் மீட்புப் பணி செய்த மலை, பனி விழாமல் போனதால் மூடிவிட்டது. இங்கே என் வேலை அனுமதி ஏப்ரலோடு முடிகிறது. ஒரு பருவமாவது வேலை பார்த்தேன் என்ற கடிதம் இல்லாமல் திரும்பினால் அடுத்து எந்த நாட்டிலும் என்னை ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். முப்பத்து நான்கு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இதுதான்.

அந்த ஜனவரியில்தான் டோரீனிடமிருந்து இரண்டு வரி வந்தது. ‘வியாழக்கிழமை வர முடியுமா? அறை உண்டு.’

டோரீன் அந்த மலையின் மீட்புக் குழுத் தலைவி. அறுபது வயதிருக்கும், வெயிலும் காற்றும் பட்டு முகம் தோல் செருப்புபோல இறுகியிருந்தது. மீட்புக் குடிலில் ஈரக் கம்பளியும் கருகிய காபியும் நாறின. என்னைச் சறுக்கிக் காட்டச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“வீட்ல என்ன பாஷை பேசுவ?”

“ஸ்பானிஷ்.”

அதைத் தாளில் குறித்துக்கொண்டாள். “வடக்குப் பள்ளம் உனக்கு, ரோசியோ. சாயந்தரம் கடைசிச் சுற்று முடிஞ்சதும் வாக்கி-டாக்கியில ‘காலி’ன்னு சொல்லு. அதுக்கப்புறம் அதுல யாராவது ஸ்பானிஷ்ல கூப்பிட்டா நிக்காத. பதில் சொல்லாத. நேரா கீழ வந்துடு.”

“இங்க யாரு ஸ்பானிஷ் பேசுவாங்க?”

“யாரும் பேசமாட்டாங்க,” என்றாள். “அதனாலதான் சொல்றேன்.”

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அறை இருந்தது, வேலை இருந்தது. அது போதும் என்றிருந்தது எனக்கு.

உண்மையில் ஒருவர் பேசினார். அடிவார உணவகத்தில் பாத்திரம் கழுவும் ஃபெர்மின். மெக்சிகோக்காரர், நாற்பது வயது, குள்ளமான உருவம். முதல் நாளே என் தட்டில் இரண்டு பங்கு அவரைக்காய்க் குழம்பை ஊற்றிவிட்டு, “சாப்பிடு, ஊர்க்காரி,” என்றார்.

“உங்க ஊரும் என் ஊரும் எங்க இருக்கு? நடுவுல எட்டு நாடு கிடக்கு.”

“இந்தக் குளிர்ல நம்ம பாஷை பேசுறவ எல்லாரும் ஊர்க்காரிதான்.”

விடுமுறை நாட்களில் வடக்குப் பள்ளத்தின் ஓரத்து எளிய சரிவில் அவருக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தேன். இருபது தடவை விழுவார், இருபத்தோராவது தடவை எழுந்து சிரிப்பார். மகளுக்குக் காட்ட வேண்டும் என்று விழுவதைக்கூடப் படம் எடுக்கச் சொல்வார்.

ஆட்களை மலைமேல் ஏற்றும் கம்பிவட லிஃப்ட் மாலை நான்கு மணிக்கு நிற்கும். மலையில் யாரும் மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக, ஆளுக்கொரு சரிவில் குரல் கொடுத்துக்கொண்டே, மரங்களுக்கிடையில் பார்த்துக்கொண்டே இறங்குவோம். அதுதான் கடைசிச் சுற்று. வடக்குப் பள்ளத்தில் அந்த நேரத்தில் வெளிச்சம் நீலமாகிவிடும். கட்டைகள் பனியை உரசும் ஓசையைத் தவிர வேறெதுவும் இருக்காது. ஃபிர் மரங்கள் பனியைச் சுமந்துகொண்டு, மூடிய குடைகள்போல நிற்கும்.

ஐந்தாம் நாள் அது வந்தது.

“வடக்குப் பள்ளம் காலி” என்று சொல்லிப் பொத்தானை விட்டேன். ஒரு கரகரப்பு. பிறகு, என் காதோடு பேசுவதுபோல ஓர் ஆண் குரல்.

“இங்க இருக்கேன். மரத்தடியில இருக்கேன்.”

ஸ்பானிஷ். அதுவும் என் மாகாணத்து ஸ்பானிஷ், என் அண்ணன் பேசுகிற இழுவையோடு.

கீழே வந்து சேர்ந்தபோது கையுறைக்குள் விரல்கள் வியர்வையில் நனைந்திருந்தன.

வெஸ் அப்போது குடிலில் காலணிகளைக் காயவைத்துக்கொண்டிருந்தான். இந்த ஊரிலேயே பிறந்து இந்த மலையிலேயே இருபது வருடமாக மீட்பு வேலை செய்பவன். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பான்.

“என்ன தாயே, பேயைப் பார்த்த மாதிரி வர்ற?” என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். “உன் பாஷையிலதான் கேட்டுச்சா?”

“உனக்கு எந்தப் பாஷையில கேக்கும்?”

“அவன் பாஷையில,” என்றான்.

பிறகு அவன் சொன்ன கதை இது. பதினோரு வருடங்களுக்கு முன்பு தாவெத் என்ற எஸ்தோனியாக்காரன் என்னைப்போலவே ஒரு பருவ வேலைக்கு வந்தவன். பெரிய ஃபிர் மரங்களின் தாழ்ந்த கிளைகளுக்கடியில் பனி இறுகாமல் பொந்துபோல இருக்கும். கடைசிச் சுற்றில் அதற்குள் தலைகீழாக விழுந்துவிட்டான். கை மட்டும் வாக்கி-டாக்கிக்கு எட்டியிருக்கிறது. ஆனால் பயத்தில் ஆங்கிலம் மறந்துவிட்டது. தன் தாய்மொழியிலேயே கூப்பிட்டிருக்கிறான்.

“விளையாடுறான்னு நெனச்சோம்,” என்றான் வெஸ். “நான்தான் பதில் சொன்னேன். ‘மனுஷன் பேசுற பாஷையில பேசுடா’ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நாப்பது நிமிஷம் கழிச்சுத்தான் தேடப் போனோம். அதுக்குள்ள செத்துட்டான்.”

“இப்பவும் அதே வார்த்தைதானா?”

“எங்களுக்கு ஒரு எழுத்து புரியாது. புரியாம அதைக் கேக்கவும் முடியல. அதனால டோரீன் அந்தப் பக்கத்துக்கு வெளியூர் ஆளைப் போடுறா. அவங்களுக்கு அவங்கவங்க பாஷையில கேக்குதாம். உனக்கு முன்னாடி செக் நாட்டுக்காரன் ஒருத்தன் இருந்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குரலைத் தேடி மேல ஏறினான். யாரும் இல்ல. குளிர்ல விறைச்சு நாலு கால்விரல் போச்சு, வேலையும் போச்சு.”

அவன் விட்டுப்போன இடத்துக்குத்தான் நான் வந்திருந்தேன்.

போயிருக்கலாம். எங்கே போவது? ஒவ்வொரு மாலையும் ‘காலி’ என்றேன். ஒவ்வொரு மாலையும் அது “இங்க இருக்கேன், மரத்தடியில இருக்கேன்” என்றது. நான் பற்களைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். மூன்று வாரத்தில் அதற்குக்கூடப் பழகிவிட்டேன் என்பதுதான் இப்போது என்னை உறங்கவிடாமல் செய்கிறது.

பிப்ரவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து பனிப்புயல். மூன்றரைக்கே விளக்கு போட வேண்டியிருந்தது. கடைசிச் சுற்றில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. கத்தினேன், காற்று என் குரலை வாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளியது. வலப்பக்கம் மரங்கள். பார்த்தேன். பார்த்ததாகத்தான் நினைத்தேன்.

“வடக்குப் பள்ளம் காலி.”

கரகரப்பு.

“இங்க இருக்கான். மரத்தடியில இருக்கான்.”

நின்றுவிட்டேன்.

இருக்கேன் அல்ல. இருக்கான்.

இத்தனை நாளில் ஒரு எழுத்து மாறாத குரல். காற்றில் தவறாகக் கேட்டிருக்கலாம் என்று காத்திருந்தேன். மறுபடியும் வந்தது, மெதுவாக, மந்தமான குழந்தைக்குச் சொல்வதுபோல.

“இங்க ஒருத்தன் இருக்கான்.”

பொத்தானை அழுத்தினேன். “டோரீன், யாரோ கூப்பிடுறாங்க. நான் மேல ஏறிப் பார்க்கிறேன்.”

“எந்தப் பாஷையில?”

“என் பாஷையில.”

“அப்போ கீழ வா.”

“இன்னிக்கு வேற மாதிரி சொல்லுது.”

“எங்களுக்கும் கேட்டுச்சு, ரோசியோ. எப்பவும் கேக்குறதுதான். அங்கயே நின்னா நாளைக்கு முதல் பேருந்துல நீ ஊருக்கு. கீழ வா.”

புரியாத மொழியில் ஓர் எழுத்து மாறினால் அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது. அந்த மலையில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

மேலே பார்த்தேன். வெள்ளை. கீழே பார்த்தேன். அடிவார விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. பருவம் முடிய இன்னும் ஆறு வாரம். ஒரு கடிதம்.

கீழே இறங்கினேன்.

காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சமையல்காரி வந்து கதவைத் தட்டினாள். “ஃபெர்மினைப் பார்த்தீங்களா? இன்னிக்கு அவருக்கு லீவு. கடைசி லிஃப்ட்ல போனார். ரோசியோ சொல்லிக்கொடுத்த சரிவைத் தனியா இறங்கிக் காட்டப்போறேன்னு சொல்லிட்டுப் போனார்.”

வெஸ் என்னைப் பார்த்தான். நான் அதற்குள் காலணியை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன்.

நான் நின்ற இடத்திலிருந்து நூறு அடிகூட இல்லை. ஃபிர் மரத்தின் கீழ்க்கிளையில் ஒரு கட்டையின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மண்வாரி வேண்டாமென்று கைகளாலேயே தோண்டினேன். அவர் முகத்தைச் சுற்றிப் பனி உருகி, மறுபடி உறைந்து, கண்ணாடிக் கிண்ணம்போல இருந்தது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் பொருள் தெரியும். நெடுநேரம் மூச்சு விட்டிருக்கிறார்.

வெஸ் மரத்தைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். “இதே மரம்தான்,” என்று முணுமுணுத்தான். “தாவெத்தும் இதுலதான்.”

ஃபெர்மினிடம் வாக்கி-டாக்கி கிடையாது. வாய் நிறையப் பனி.

மறுநாள் அறிக்கைத் தாளில் ஒரு கேள்வி இருந்தது: ‘கடைசிச் சுற்றின்போது உதவி கேட்டு யாரேனும் அழைத்தார்களா?’ டோரீன் பேனாவை என் பக்கம் நகர்த்தினாள்.

“அவர் கூப்பிடலையே,” என்றாள். “அவர் கூப்பிட்டதா நீ கேக்கல. அதானே உண்மை?”

‘இல்லை’ என்று எழுதினேன்.

வேலை நிலைத்தது. அதற்குப் பிறகு குரல் வரவில்லை. மாலைதோறும் ‘காலி’ என்று சொல்லிவிட்டு அந்த மரத்தருகே நின்றேன். இரண்டு முறை கைகளால் தோண்டியும் பார்த்தேன். டோரீன் தடுக்கவில்லை. ஃபெர்மினின் மகள் உணவகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டபோது மொழி தெரிந்தவள் என்று என்னைத்தான் பேசச் சொன்னார்கள். வலி தெரியாமல் போய்விட்டார் என்று அவளிடம் சொன்னேன்.

ஏப்ரலில் பருவம் முடிந்தது. டோரீன் கடிதம் கொடுத்தாள். ‘சொன்னபடி கேட்டு நடப்பவர்’ என்று அதில் ஒரு வரி. கடைசி நாள் லிஃப்டை நிறுத்தியபின் எல்லோரும் பீர் குடிக்கப் போனார்கள். நான் மட்டும் கட்டைகளைச் சுமந்துகொண்டு வடக்குப் பள்ளத்துக்கு நடந்தே ஏறினேன். பனி இளகி, சேறும் பிசின் வாசனையுமாக இருந்தது. மரத்தடிப் பொந்தில் இருட்டு. அந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தி, என் மொழியில் சொன்னேன்.

“நான் கேட்டேன். அன்னைக்கே கேட்டேன். இப்ப வந்திருக்கேன்.”

காத்திருந்தேன். கிளையிலிருந்து நீர் சொட்டியது. வேறொன்றும் இல்லை. இருட்டுவதற்குள் இறங்கிவிட்டேன்.

குடிலில் வெஸ் தனியாக உட்கார்ந்திருந்தான். மேசைமேல் அவன் வாக்கி-டாக்கி. பீர் திறக்காமல் இருந்தது.

“நீ பேசினதைக் கேட்டேன்,” என்றான். “நீ என்ன சொன்னன்னுதான் புரியல. பதில் வந்ததே, கேட்டியா?”

“எனக்கு ஒண்ணும் வரல.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பதினோரு வருஷத்துல முதல் தடவை,” என்றான். “இங்கிலீஷ்ல. எங்க ஊர் இங்கிலீஷ்ல, என் கூடப் பொறந்தவன் பேசுற மாதிரி.”

“என்ன சொல்லுச்சு?”

வெஸ் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டான்.

“‘இங்க ரெண்டு பேர் இருக்கோம்’னு சொல்லுச்சு.”