சுற்றிவிட்ட கோழிகள்

அவரைப் பந்தலின் கீழ் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்த வசந்தியின் முதுகுக்குப் பின்னால் யாரோ கிழவர் இருமினார். நெஞ்சுச் சளியைப் புரட்டி, மூச்சு வாங்கி, கடைசியில் 'ஹ்ம்' என்று அலுப்போடு முடிகிற இருமல். குரல் கொடுக்காமல் தோட்டத்துக்குள் நுழைந்தது யார் என்ற எரிச்சலோடு திரும்பினாள். கத்திரிப் பாத்தியின் ஓரத்தில் கருப்புக் கோழி மட்டும் நின்றிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கழுத்தை நீட்டி மறுபடியும் இருமியது.

மேல்வீட்டுச் சிங்காரத்தின் இருமல் அது. இந்த மலையூருக்குக் குடிவந்த நாளிலிருந்து விடிந்தால் அதைக் கேட்டுத்தான் அவள் எழுந்தாள். சமீபத்தில்தான் நின்றுபோயிருந்தது. கிழவர் தேறிவிட்டதாகச் சொன்னார்கள்.

"சளி புடிச்சிருக்குது, வேற இன்னா," என்று தனக்கே சொல்லிக்கொண்டு, துளசியும் மஞ்சளும் அரைத்துப் புகட்டினாள். அதன் கண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

கோபம் அவளுக்குப் புதிதில்லை. எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம், மேலதிகாரியை எதிர்த்துப் பேசியதற்காக அவள் புருஷன் பாண்டுரங்கன் வாத்தியாரை ஜவ்வாது மலைக்குத் தூக்கியடித்தார்கள். எதிர்த்துப் பேசிய வீரர் சனிக்கிழமையானால் ஆலங்காயத்தில் தன் அம்மா வீட்டுக்கு இறங்கிவிடுவார். பெண்டாட்டியும் ஐந்து வயது மகள் தேவகியும் மூடுபனியில் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவார். அந்தக் கோபத்தில்தான் வசந்தி வீட்டுப் பின்புறத்துக் கல்லு மண்ணைக் கொத்திப் புரட்டி அவரையும் கத்திரியும் பூசணியும் போட்டாள். ஆத்திரம் தீரக் கொத்திய மண்ணில் எல்லாமே நன்றாகக் காய்த்தன.

கோழிகள் வந்தது இன்னொரு கோபத்தில். ஊரில் யாராவது படுத்துவிட்டால், ஒரு கோழியின் காலைக் கட்டி, படுத்தவரின் தலையை மூன்று முறை சுற்றி, எல்லைக்கல்லடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். அங்கேயே கிடந்து அது சாக வேண்டும். கண்ணைச் சுற்றி எறும்பு மொய்க்க உயிரோடு கிடந்த முதல் கோழியைப் பார்த்த அன்று அவள் ஊரையே திட்டித் தீர்த்தாள். கட்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். அதன்பிறகு எல்லையில் கிடந்த ஒன்றையும் அவள் விட்டுவைக்கவில்லை.

பக்கத்து நிலத்துக்காரி சின்னக்குழந்தை அன்றே வந்தாள். படலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"வோணாம் வாத்தியாரம்மா. அதுங்க நோவு ரொம்பிப் போன பாத்திரம். எல்லையில கெடந்தத வூட்டுக்குத் தூக்கினு வரக் கூடாதுங்க."

"வாயில்லா ஜீவன எறும்புக்குப் போட்டுட்டு வூட்ல போய்ச் சோறு துன்றீங்களே, அது மட்டும் கூடுமா?"

சின்னக்குழந்தை தலை குனிந்தாள். "வளக்கறதுன்னா வளத்துக்குங்க. ஒண்ணே ஒண்ணு. சுத்துன கோழிய இன்னொரு தபா யாருக்கும் சுத்திப்புடாதீங்க. புதுசு உள்ள போனா பழசு எறங்கணும். எறங்க எடம் வோணுமில்லீங்களா."

"நானா சுத்தப் போறேன்? போம்மா, போய்ப் பொழப்பப் பாரு."

இருமலுக்குப் பிறகு அவளால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. செவலைக் கோழி ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தது, வாதம் வந்து தேறிய மாணிக்கம்மாள் முன்பு நடந்த அதே நடை. சாம்பல் கோழி வெயிலில் நின்றுகொண்டு ஊரில் குளிர்சுரத்தில் கிடந்து எழுந்த ஒருத்தியின் நடுக்கம் நடுங்கியது. எதுவும் மண்ணைக் கிளறவில்லை. பொழுது சாய்ந்து பனி இறங்கும் நேரத்தில் பூசணிக் கொடிகளுக்கிடையில் எல்லாம் வந்து நின்று, சத்தமே இல்லாமல், வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த ஐப்பசி மழையில் தேவகி படுத்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. கண் மேலே செருகியது. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. வழக்கம்போல் இறங்கிப்போன புருஷன் கீழேயே மாட்டிக்கொண்டார். வசந்தி அவரைத் திட்டினாள், மாற்றல் போட்டவனைத் திட்டினாள், மழையைத் திட்டினாள். ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து போட்டாள். சுரம் இறங்கவில்லை.

பிள்ளை போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

சின்னக்குழந்தை வீட்டுக்கு ஓடினாள். "ஒரு கோழி குடு சின்னக்குழந்தை. சுத்தாத கோழி."

"ஏதுங்க? கழிச்சல் நோவு வந்து ஊர்க் கோழி மொத்தமும் செத்துப் பூட்ச்சே. உங்க வூட்ல இருக்கறது மட்டுந்தான்." சொன்னவள் உடனே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத மட்டும் செய்யாதீங்க."

வசந்தி கையை உதறினாள். நம்பாத காரியத்தில் விதி என்ன, விலக்கு என்ன? என் பிள்ளை சாகும்போது எனக்குச் சட்டம் சொல்ல இவள் யார்?

தோட்டத்தில் கருப்புக் கோழிதான் கைக்கு அகப்பட்டது. எந்தக் காலை அவிழ்த்தாளோ அதே காலை அவளே கட்டினாள். அது திமிறவில்லை.

முதல் சுற்றில் கோழி இருமியது. இரண்டாவது சுற்றில் இருமவில்லை. மூன்றாவது சுற்றில் தேவகியின் முனகல் நின்றது.

எல்லைக்கல் நனைந்து கருத்திருந்தது. பொழுது இன்னும் முழுதாக இறங்கவில்லை. கோழியை அடியில் போட்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பின்னால் சிறகடிப்பு இல்லை. கொக்கரிப்பு இல்லை. மெல்லிய விசும்பல் மாதிரி ஏதோ கேட்டது. காற்று என்று நினைத்துக்கொண்டு ஓடினாள்.

தோட்டத்தில் ஒரு கோழியும் இல்லை. கதவு திறந்திருந்தது. எல்லாம் வீட்டுக்குள் இருந்தன, பாயைச் சுற்றி.

பாயில் தேவகி உட்கார்ந்திருந்தாள். வசந்தி அவள் நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது.

"தேவகி."

குழந்தை நேராகப் பார்க்கவில்லை. தலையை வெடுக்கென்று ஒருபக்கம் திருப்பி ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. இமை கீழிருந்து மேலே மூடித் திறந்தது. பிறகு அந்தச் சின்ன நெஞ்சு குலுங்கியது. சளியைப் புரட்டி, மூச்சு வாங்கி, நிதானமாக இருமியது.

'ஹ்ம்.'

வசந்தி வாசல்வரை பின்வாங்கினாள். வெளியே பனி முழுக்க இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து, எல்லைக்கல் பக்கமிருந்து, அவள் மகளின் குரல் அழுதுகொண்டே கூப்பிட்டது.

"அம்மா, கால அவுத்து வுடும்மா. எறும்பு கடிக்குது."