வாள் கேட்ட மூன்றாவது வரி

ஞாயிற்றுக்கிழமை மதியம், ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மாடியறையை அக்காதான் வந்து திறந்தாள். வாரம் முழுக்கக் கீழே அடுத்தவர் ரத்தத்தோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். விடுமுறையன்று மாடியில் மேசை போட்டு, தம்பிக்கும் அவன் கூட்டாளி குண்டூசிக்கும் பகடைக் கதை விளையாட்டு நடத்துவாள். அவள் கதை சொல்வாள், அவர்கள் வீரர்களாக நடிப்பார்கள், ஜெயிப்பதும் தோற்பதும் பகடையின் பாடு. குண்டூசி தையல்காரன் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? கழுதை வயதாகியும் இதென்ன விளையாட்டு என்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே.

ஆனால் இன்று அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மாதத்துக்கு முன் சபிக்கப்பட்ட வாள் ஒன்றைக் கற்பனை செய்து, அட்டையில் வரைந்தாள். அதை உருவினால் வெற்றி நிச்சயம். அதற்கு விலையாக, வீரன் தனக்குப் பிரியமான ஒருவரை அடியோடு மறக்க வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் பிரியமானவர்களைப் பென்சிலால் எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு வரியை ரப்பரால் அழிக்க வேண்டும்.

கற்பனைப் பெயர்களை எழுதச் சொன்னால், தம்பிதான் சோம்பேறியாயிற்றே! "நாய், கணக்கு வாத்தியார், அக்கா" என்று கிறுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

முதல் வரியை அழித்த அன்று சாயங்காலம், காலைச் சுற்றிய வளர்ப்பு நாயைப் பார்த்து, "இது யாரு வீட்டு நாய்?" என்றான். கிண்டல் என்று நினைத்தாள். இரண்டாவது வரியை அழித்த மறுநாள், கடைத்தெருவில் கணக்கு வாத்தியார் அவன் தோளைத் தட்டினார். அவன் விழித்த விழியில் பாவம், அந்த மனிதரின் முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் இது கிண்டல் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

பெற்றவர்கள் போனபின் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவனும் மறந்துவிட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்தும் பார்த்துவிட்டாள். காலையில் அது முழுசாக விளையாட்டுப் பெட்டிக்குள் கிடந்தது.

அறையில் ஸ்பிரிட் வாடையை மீறித் துரு வாடை அடித்தது. அவன் வருமுன் மூன்றாவது வரியை மாற்றிவிட வேண்டும், அங்கே யாரோ ஒரு ராஜகுமாரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தாள். 'அக்கா' என்பதை ரப்பரால் தேய்த்து அழித்தாள். அதே இடத்தில் 'ராஜகுமாரி' என்று எழுதினாள்.

பென்சில் பதியவில்லை.

அழுத்தி எழுதினாள். முனை ஒடிந்தது.

பூட்டிக் கிடந்த கீழ்த்தளத்தில் சர்ரென்று ஒரு சத்தம். உறையிலிருந்து இரும்பை உருவுவது போல.

அழிப்பதுதான் விலை. அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் குண்டூசி வந்தான். பின்னால் வந்த தம்பி வாசலிலேயே தயங்கி நின்றான்.

"வாடா..." என்றாள்.

"விளையாட்டு நடத்துறது நீங்களாங்க?"

பேசத் தொடங்கிய நாள் முதல் அவளை 'நீ' என்றே கூப்பிட்டவன் அவன்.

"டேய், உங்க அக்காகிட்டயே நடிக்கிறியா?" குண்டூசி சிரித்தான்.

"எனக்கு ஏதுடா அக்கா?" அவன் முகத்தில் துளிக்கூடக் குறும்பு இல்லை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழாதீங்க, இருங்க... தண்ணி கொண்டு வர்றேன்" என்று அவன் பதறிப்போய்க் கீழே இறங்கினான். குண்டூசியும் மிரண்டு அவன் பின்னால் ஓடினான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தாள். காலியாக இருந்த முதல் வரியில் புதிதாக ஒரு சொல் இருந்தது. அவள் கையெழுத்தேதான். ஆனால் அவள் எழுதவில்லை.

தம்பி.

ரப்பரை ஜன்னல் வழியே தெருவில் வீசி எறிந்தாள்.

திரும்பினால், அது அட்டையின் மேல் இருந்தது. முதல் எழுத்தைக் காணவில்லை. அவள் பார்க்கப் பார்க்க இரண்டாவதும் மங்கியது.

படியேறி வந்த ஒருவன் தண்ணீர் டம்ளரை நீட்டினான். முகத்தில் அப்படியொரு கவலை.

நல்ல பையன் போலிருக்கிறது. எங்கேயோ பார்த்த முகம்.