முக்காலி பார்த்த திசை

1936 ஜனவரி 12, ஞாயிறு. காலை 8.10.

பூட்டு உடையவில்லை. கதவைத் திறந்து உள்ளே போன அருணாசலம் மேற்கு ஜன்னலருகே திகைத்து நின்றார். பித்தளை முக்காலி இருந்தது. அதன் மேலிருந்த தூரக்கண்ணாடியைக் காணோம்.

கொல்லிமலை விளிம்பில் அவருடைய அப்பா கட்டிய இரண்டு அறை வீடு அது. இருபது வருடமாக அதை இரண்டு நண்பர்களோடு பகிர்ந்துகொண்டிருந்தார்: பேளுக்குறிச்சி மிளகு வியாபாரி செல்லமுத்து, சேந்தமங்கலத்துக் காளியண்ணன். மூவரிடமும் ஆளுக்கொரு சாவி. நான்காவது, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மலை விவசாயி சென்றாயனிடம். ஒரே ஒரு சட்டம்தான்: இறங்கிப் போகிறவர் அடுத்து வருபவருக்காக ஒரு சுமை விறகும் ஒரு குடம் தண்ணீரும் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

திங்கள். காலை 11.00.

சப்-இன்ஸ்பெக்டர் மாதேஸ்வரன் மூச்சிரைக்க மலையேறி வந்தார். செல்லமுத்துவும் கூட வந்திருந்தார்.

"கடைசியா வந்தது யாருங்க?"

"நாந்தானுங்க, தீவாளிக்கு. காளியண்ணன் பாவம், நெஞ்சுவலிக்காரரு. மலையேறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மிச்சம் யாரு? இவன்தான்!" என்று சென்றாயனைக் காட்டினார் செல்லமுத்து.

சென்றாயன் அவரைப் பார்க்கவில்லை. "ஏனுங்க, வெலங்கு மாட்டிச் சந்தை வழியா என்னைக் கூட்டிக்கிட்டுப் போனா, அப்பறம் ஊருக்குள்ள தலை காட்ட முடியுமுங்களா? அந்தக் கண்ணாடில நான் எதைங்க பாக்கறது? நான் பாக்கறதெல்லாம் இங்கயே இருக்குது."

மாதேஸ்வரன் அடுப்பங்கரைக்குப் போனார். குடம் நிறைந்திருந்தது. பக்கத்தில் புதிதாக அடுக்கிய விறகு.

"இது நீ வச்சதா?"

"இது வெறகுங்களா? காக்கா கூடு கட்டற சுள்ளி."

எல்லாம் விரல் தடிமன். கையால் ஒடித்தவை. கோடாலி மரக்கட்டையில் செருகியபடி துருப்பிடித்திருந்தது.

பிறகு முக்காலி. அதன் தலையில் ஒரு நீளப் பள்ளம். குழாய் அதில்தான் படுத்திருக்கும். கீழே ஒரு திருகு. அதை இறுக்கினால் பள்ளம் எந்தச் சாய்வில் இருக்கிறதோ அப்படியே நிற்கும்.

"பார்த்து முடிச்சதும் மட்டமாத்தானே வைப்பீங்க?"

"எப்பவும்," என்றார் அருணாசலம்.

இப்போது பள்ளம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. திருகு இறுகியிருந்தது. மாதேஸ்வரன் ஒரு மூங்கிலின் கணுக்களைக் குத்தித் துளைத்து, பள்ளத்தில் படுக்கவைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஏரி தெரியுது. கரையோரம் தனியா ஒரு வெள்ளை மாடி. யாரோட வீடுங்க?"

அருணாசலம் குனிந்து பார்த்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று. "காளியண்ணன் ஊடு."

"எடுத்தது அவருதான்."

"அவராலதான் ஏற முடியாதே!" என்றார் செல்லமுத்து.

"சிரமப்பட்டு ஏறியிருக்காரு. வெளியாள் திருட வந்தா விறகு வச்சுட்டுப் போவானா? சட்டம் தெரிஞ்சவரு வேலை இது. நீங்க மிளகு மூட்டை தூக்கறவர். சென்றாயன் கோடாலி பிடிக்கறவன். சுள்ளி ஒடிக்கற அளவுக்கு மட்டும் தெம்பு இருக்கறவர் ஒருத்தர்தான். வெளிச்சம் போன வழியிலேயே திரும்பியும் வருமுங்க. இங்கிருந்து அந்த மாடி தெரிஞ்சா, அங்கிருந்து இந்த ஊடும் தெரியும். எடுக்கறதுக்கு முன்னால அதைச் சரிபார்த்திருக்காரு. திருகை மட்டும் தளர்த்த மறந்துட்டாரு."

செல்லமுத்து தயங்கினார். "சென்றாயா, தப்பாப் பேசிட்டேன்."

"நல்ல வெறகா ஒரு சுமை வெட்டிப் போடுங்க, சரியாப் போயிரும்," என்றான் சென்றாயன்.

மாலை 5.15. சேந்தமங்கலம்.

மாடி ஜன்னலில் தலையணைகளின் மேல் தூரக்கண்ணாடி. காளியண்ணன் எழுந்திருக்கவில்லை.

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?" என்றார் அருணாசலம்.

"கேட்டா, இனி நான் வரப்போறதில்லைன்னு சொன்ன மாதிரி ஆயிருமே, அருணாசலம். சேலம் போறேன்னு ஊட்டுல சொல்லிட்டு ரெண்டு நாள் ஏறினேன். குடத்தை ரொப்பவே ஒரு பகல் ஆச்சு. செம்பு செம்பாத்தான் கொண்டுவர முடிஞ்சுது."

அருணாசலம் அவரருகே கட்டிலில் உட்கார்ந்தார். "உன் சாவி உன்கிட்டயே இருக்கட்டும். கண்ணாடியும்."

காளியண்ணன் தலையசைத்துவிட்டுக் கண்ணாடிக்குக் குனிந்தார். மேற்கு வெயில் மலைவிளிம்பு வீட்டின் மேல் நேராக விழுந்திருந்தது. அவர் சிரித்தார்.

"சென்றாயன் என் சுள்ளியையெல்லாம் வாசல்ல தூக்கி எறியறான்," என்றார். "நல்ல வெறகா அடுக்கறான்."